வெயில் அடிக்கிற நாளில் கடல் ஏன் அடுப்படி வரை வருகிறது?

கேள்வி இதுதான்: கன்னியாகுமரி மாவட்டத்தில் அழிக்கால் பக்கம், கடலிலிருந்து இரண்டாவது தெருவில் அம்மா தனியாக இருக்கிறார். சித்திரை மாதம். மழை இல்லை, புயல் இல்லை, பெரிய காற்றுகூட இல்லை. பட்டப்பகலில் கடல் தெருவில் ஏறி அடுப்படி வரை வந்துவிட்டது. போனில் பார்த்தால் ‘தெளிவான வானம்’ என்று காட்டுகிறது. இது எப்படி நடக்கிறது? முன்னாலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா? வீட்டைப் பழுதுபார்ப்பதா, இல்லை விட்டுவிட்டு உள்ளே குடிபோவதா?

நானும் அந்தக் கரைக்காரன்தான். அலை அளவுகளோடு பல வருஷம் வேலையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்கள் அம்மா வீட்டுக்குள் வந்தது நம் கடலில் பிறந்த அலை இல்லை. போன் பொய் சொல்லவும் இல்லை. அது உங்கள் தலைக்கு மேலே இருக்கும் வானத்தைக் காட்டியது. அந்தத் தண்ணீரைக் கிளப்பிய வானம் ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், தெற்கே இருந்தது.

இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், தெற்கு அட்சரேகை 40 டிகிரிக்குக் கீழே, காற்றைத் தடுக்க நிலமே கிடையாது. அங்கே பெரிய காற்றழுத்தத் தாழ்வு ஒன்று உருவாகி இரண்டு மூன்று நாள் காற்று ஒரே திசையில் வீசினால், பத்து மீட்டர் உயர அலைகள்கூடக் கிளம்பும். அந்த அலைகள் காற்று வீசும் இடத்தை விட்டு வெளியே வந்ததும் உயரம் குறைந்து, நீளம் கூடி, கடலின் மேல் மெல்லிய மேடும் பள்ளமுமாக வடக்கு நோக்கிப் பயணம் செய்கின்றன. 18 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைத்தொடர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நகரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நான்கைந்து நாளில் குமரிக் கரை. நடுக்கடலில் வள்ளத்தில் இருப்பவருக்கு அது கடந்து போவதே பெரும்பாலும் தெரியாது. கரையில் ஆழம் குறையும் இடத்துக்கு வந்ததும்தான் எழுந்து நிற்கும்.

இதைத்தான் கேரளத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்றார்கள். அறிவிப்பில்லாமல் கள்ளனைப்போல வருவதால் அந்தப் பெயர். 2012இல் யுனெஸ்கோ அந்தச் சொல்லையே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. கடற்கரை மக்கள் வைத்த பெயர் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அப்படியே நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறையும்.

நம் கரை ஏன் இதற்கு இவ்வளவு இடம் கொடுக்கிறது? நீரோடி முதல் குமரிமுனை வரை நம் ஊர்கள் எல்லாம் தெற்கும் தென்மேற்கும் பார்த்து இருப்பவை. அண்டார்டிகா வரை குறுக்கே நிலமில்லை. நாகப்பட்டினத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இலங்கை ஒரு மறைப்பாக நிற்கிறது. அங்கே உள்ள ஆபத்து வேறு, புயல் தள்ளும் நீரும் ஆழமற்ற கடலும்தான். சென்னையில் கேள்வியே வேறு: ஐப்பசி கார்த்திகை மழை வெள்ளம் முகத்துவாரத்தில், நிலாவினால் கடல் மட்டம் உயரும் கடலேற்றத்தோடு மோதி வெளியேற வழியில்லாமல் நிற்பது. கடலோரம் என்று ஒரே பெயரில் பேசினாலும், ஊருக்கு ஊர் தண்ணீர் வரும் வழி வேறு. அதனால் சென்னைக்காரர் சொல்லும் யோசனையை அழிக்காலில் அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து, மிக முக்கியமான ஒன்று. எல்லோரும் அலையின் உயரத்தையே கேட்கிறார்கள். ‘ஒரு மீட்டர்தானாம், பயமில்லை’ என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறார்கள். நான் முதலில் பார்ப்பது இரண்டு அலைகளுக்கு இடையே உள்ள நேரத்தை. உள்ளூர்க் காற்றில் பிறக்கும் அலை ஆறு, ஏழு விநாடிக்கு ஒன்றாக வரும்; அதன் நீளம் ஆழ்கடலில் ஐம்பத்தைந்து முதல் எழுபத்தைந்து மீட்டர்தான் இருக்கும். 18 விநாடி அலையின் நீளம் 500 மீட்டர். உயரம் இரண்டுக்கும் ஒரே ஒரு மீட்டராக இருக்கட்டும்; மணல்மேல் ஏறி வரும் உயரம் நீண்ட அலைக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. ஏனென்றால் சின்ன அலை உடைந்ததும் செத்துப்போகிறது. நீண்ட அலைக்குப் பின்னால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, முந்தைய தண்ணீர் திரும்பிப் போவதற்குள் அடுத்தது வந்து அதன்மேல் ஏறுகிறது. மணிக்கணக்கில் இப்படி நடக்கும்போது கரையோரத்தில் கடல் மட்டமே கொஞ்சம் உயர்ந்து நிற்கும். வீட்டுக்குள் வந்தது அந்தத் தண்ணீர்தான்.

இந்த அலைகள் கூட்டம் கூட்டமாக வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பத்து நிமிஷம் கடல் குளம்போல இருக்கும், அப்புறம் ஐந்தாறு பெரிய அலைகள் சேர்ந்து வரும். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில். எச்சரிக்கை முன்னாலேயே வெளியாகியிருந்தது. கரையில் நின்று பார்ப்பவருக்கோ அது ஒரு சாதாரண வெயில் நாள். வெளியூரிலிருந்து வந்தவருக்கு அந்த அமைதி எப்படிப்பட்டது என்று எப்படித் தெரியும்? அந்தச் செய்தியை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் வீட்டுக்கு விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்கு வேறு எதைச் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்: சித்திரை, வைகாசியில் எச்சரிக்கை உள்ள நாளில் கடல் அமைதியாகத் தெரிந்தாலும் கால் நனைக்கக்கூட இறங்கக் கூடாது.

சரி, வாவுக்கு, அதாவது அமாவாசை பௌர்ணமிக்கு, வருவோம். ‘கறுத்தவாவு, வெளுத்தவாவுக்குக் கடல் ஏறும்’ என்று அம்மா சொல்லியிருப்பார். சரியான பேச்சுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலேற்றம் அதிகம். அதுவும் வாவு கழிந்து ஒன்றிரண்டு நாளில் உச்சம் வரும். நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிஷம் தள்ளிப்போகும். ஆனால் நம் கரையில் வாவு நாளில்கூட ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது. குஜராத்தின் பாவ்நகரில் அது பத்து மீட்டருக்கும் மேல். ஆகவே நம் ஊரில் கடலேற்றம் மட்டும் தனியாக வந்து வீட்டை நனைப்பதில்லை. வேறு ஒன்று வரும்போது அதற்குத் தோள் கொடுக்கிறது.

இரண்டு உதாரணம் சொல்கிறேன். 2024 மே மாத நிகழ்வில் மே 5ஆம் தேதியே நிலா பூமிக்கு மிக அருகில் வந்துவிட்டது, மே 8இல் அமாவாசை. அலையும் ஏற்றமும் கைகோத்துக்கொண்டன. அதற்கு ஒரு மாதம் முன்பு, மார்ச் 31இல், கேரளக் கரையில் ஆலப்புழை, கொல்லம், திருவனந்தபுரம் பக்கமெல்லாம் கடல் வீடுகளுக்குள் புகுந்தது. அன்று பௌர்ணமி முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. தேய்பிறையின் பாதி, கடலேற்றம் குறைவாக இருக்கும் நேரம். அப்படியிருந்தும் வந்தது. வாவுக் கணக்கை வைத்து ‘இன்று பயமில்லை’ என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. வாவு ஆபத்தைக் கூட்டும். வாவு இல்லாததால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது.

ஒக்கிப் புயலையும் நினைத்துப் பாருங்கள். புயல் நம்மைத் தாண்டிப் போனது 2017 நவம்பர் 30. டிசம்பர் 3 பௌர்ணமி, அதுவும் நிலா அருகில் இருந்த பௌர்ணமி. கடலில் இருந்தவர்களைத் தேடிக்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே கடலும் ஏறியது. புயல் போய்விட்டது என்பதால் கரை உடனே அடங்கிவிடாது. புயலில் காற்றழுத்தம் குறைவதும் கடலைத் தூக்கும்: ஒரு மில்லிபார் குறைந்தால் ஒரு சென்டிமீட்டர் என்பது தோராயக் கணக்கு.

இனி முன்கூட்டித் தெரிந்துகொள்வது. இதற்கு ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்கிற இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இருக்கிறது. கள்ளக்கடலுக்கென்றே தனி முன்னறிவிப்பு முறையை 2020இல் தொடங்கினார்கள். தெற்கே அலை கிளம்பியதுமே கணக்கிட ஆரம்பித்துவிடலாம் என்பதால், இதற்கு நல்ல அவகாசம் கிடைக்கிறது. சுனாமிக்குச் சில மணி நேரம்தான். கள்ளக்கடலுக்கு இரண்டு நாள் கிடைக்கும். இவ்வளவு அவகாசம் உள்ள ஒன்றில் ஓர் உயிர் போனாலும் அது தாங்க முடியாதது.

அறிவிப்பைப் படிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். நம் மாவட்டத்துக்கு ‘நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை’ என்று போட்டிருக்கும். அப்புறம் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, அலை உயரம், அலை இடைவெளி விநாடியில், நிறம்: மஞ்சள் கவனிக்க, ஆரஞ்சு தயாராக, சிவப்பு உடனே செயல்பட. நான் முதலில் விநாடியைப் பார்ப்பேன். 14, 15 விநாடியைத் தாண்டினால் நிமிர்ந்து உட்காருவேன். 18க்கு மேல் போனால், உயரம் ஒரு மீட்டர் என்று போட்டிருந்தாலும், தாழ்ந்த தெருக்களில் தண்ணீர் வரும் என்றே வைத்துக்கொள்வேன். அடுத்து அந்த நேரத்துக்குள் கடலேற்றம் எத்தனை மணிக்கு என்று பார்ப்பேன். அறிவிப்பு முப்பது மணி நேரத்துக்கு இருந்தாலும், தெருவுக்குள் தண்ணீர் வரும் வாய்ப்பு அதிகம் இருப்பது ஒவ்வோர் ஏற்ற உச்சத்துக்கும் முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரம்தான். முப்பது மணி நேரமும் அம்மாவை விழித்திருக்கச் சொல்ல முடியாது. ஒவ்வோர் ஏற்றத்தையும் ஒட்டிய அந்த நான்கு மணி நேரம், அதுவும் அது ராத்திரியில் விழுந்தால், அவர் வீட்டில் இருக்க வேண்டாம்.

இணையம் இல்லாத அம்மாவுக்கு என்ன செய்வது? கடலைப் பார்த்து எண்ணலாம். முட்டம் மாதிரி பாறை உள்ள இடமென்றால் ஒரே பாறையில் பெரிய அலை மோதுவதைக் கவனியுங்கள். ஒரு மோதலில் தொடங்கி அடுத்த பத்து மோதல்களை எண்ணி, ஆன நேரத்தைப் பாருங்கள். ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்தால் வழக்கமான அலை. இரண்டரை மூன்று நிமிஷம் பிடித்தால், காற்றும் இல்லாமல் இருந்தால், அது தெற்கே இருந்து வந்த அலை. நம் பெரியவர்கள் கடிகாரம் இல்லாமலே இதைச் சொல்லிவிடுவார்கள். ‘அலை இழுத்து வருது’ என்று ஒருவர் சொன்னால் உடனே வள்ளத்தை மேலே ஏற்றச் சொல்வார்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்குவதும் நடக்கலாம். 2004 சுனாமிக்குப் பிறகு அதைப் பார்த்தாலே நமக்கு நெஞ்சு பதறும், அதில் தப்பே இல்லை. ஆனால் கள்ளக்கடலும் சுனாமியும் வேறு வேறு. சுனாமியில் ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து நிமிஷம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ஆனால் கரையில் நின்று எது என்று ஆராய வேண்டாம். உள்வாங்கினால் மேட்டுக்குப் போய்விட்டு அப்புறம் விசாரியுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070.

இப்போது வீடு. இதில்தான் நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இரண்டு வேறு தொல்லைகளை எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, தண்ணீர் வந்து போவது. மற்றது, மணல் போய்த் திரும்பாமல் இருப்பது. முதலாவது வருஷத்தில் சில மணி நேரத் தொல்லை. வீட்டை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது நடந்துகொண்டிருந்தால் நீங்கள் எவ்வளவு செலவழித்தாலும் அது கடலுக்குப் போகும்.

எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: நம் கரையில் ஆனி, ஆடியில் கடல் மணலை எடுத்துக்கொண்டு போகும். ஐப்பசிக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து போடும். தை, மாசியில் கரை அகலமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தை மாதமும் ஒரே இடத்தில், ஒரு சிலுவையோ மின்கம்பமோ படத்தில் தெரிகிற மாதிரி நின்று போட்டோ எடுத்து வையுங்கள். பழைய நிலைமைக்குக் கூகுள் எர்த்தில் முந்தைய வருஷப் படங்களைப் பாருங்கள். மாதத்தையும் கவனியுங்கள், ஆடி மாதப் படத்தைத் தை மாதப் படத்தோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். மூன்று நான்கு வருஷம் தொடர்ந்து தைக் கரை சுருங்கிக்கொண்டே வந்தால், அது அரிப்பு. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை பார்த்ததில், தமிழ்நாட்டுக் கரையில் ஏறத்தாழ 43 சதவீதம் அரிப்பில் இருக்கிறது என்றார்கள். ஆகவே இது வெறும் பயமுறுத்தல் இல்லை.

‘தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல்திட்டு, போட்டால் சரியாகிவிடுமா’ என்று கேட்பீர்கள். ஊரில் அதற்காக எத்தனை முறை சாலையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியும். வளைவு போட்ட இடத்தில் ஒரு பக்கம் மணல் சேரும். கரையோரமாக நகர்ந்து போகிற அந்த மணல்தான் அடுத்த ஊருக்குப் போக வேண்டியது. அடுத்த ஊர் அரிக்கும், அவர்களும் வளைவு கேட்பார்கள். கல்சுவரும் அப்படியே: வீட்டை இன்றைக்குக் காக்கும், ஆனால் அலை சுவரில் மோதித் திரும்பும்போது சுவரின் அடியில் உள்ள மணலைத் தோண்டிக்கொண்டு போகும், முன்னால் இருந்த கரை காணாமல் போகும், வள்ளம் ஏற்ற இடமிருக்காது. வீட்டு வாசலில் அலை நிற்கிறவரிடம் கல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது, சொல்லவும் மாட்டேன். என் ஆதங்கம், ஊர் ஊராகத் துண்டு துண்டாகப் போடுவதில். நீரோடியிலிருந்து குமரி வரை ஒரே கரையாக வைத்து மணல் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்துப் போட வேண்டும். சுவர் உள்ள இடத்தில் இன்னொன்றையும் கேளுங்கள்: மேலே தாண்டி வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி விட்டிருக்கிறார்களா? பல இடங்களில் அலை ஐந்து நிமிஷத்தில் ஓய்ந்துவிடுகிறது, சுவருக்கு உட்பக்கம் தேங்கிய தண்ணீர்தான் இரண்டு நாள் நிற்கிறது. பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், பக்கத்து வீடுகளுக்குத் தண்ணீர் முன்வாசல் வழியாக இல்லாமல் பின்பக்கக் கால்வாய் வழியாகவும் வரும். உங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டம் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கமான ஊரகக் கடலோரங்களில் கட்டடம் கட்டக்கூடாத தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. அனுமதி கிடைக்கிறது என்பது பாதுகாப்பு என்று பொருளாகாது. இந்தியப் பெருங்கடலின் வடபகுதியில் 1993க்குப் பிறகு கடல் மட்டம் வருஷத்துக்கு 3.3 மில்லிமீட்டர் வேகத்தில் உயர்ந்து வந்திருக்கிறது. முப்பது வருஷத்தில் பத்து சென்டிமீட்டர். ஏற்ற இறக்கமே முக்கால் மீட்டர் அளவில் இருக்கும் கரையில் பத்து சென்டிமீட்டர் சின்ன அளவு இல்லை; அப்பா காலத்தில் வாசல்படியைத் தொட்டுத் திரும்பிய அதே அலை இப்போது படியைத் தாண்டும்.

ஆகவே என் யோசனை: தைக் கரை நன்றாகத் திரும்புகிறது என்றால் வீட்டைச் சரிசெய்யுங்கள். தண்ணீர் வந்த உயரத்தைச் சுவரில் பெயின்டால் கோடு போட்டு, தரையை அதற்கு மேலே இரண்டு சாண் உயர்த்துங்கள். மீட்டர் பெட்டி, பிளக் பாயின்ட் எல்லாம் இடுப்புக்கு மேலே போகட்டும். கழிவுநீர்த் தொட்டியின் மூடியை இறுக்கி அடைக்க வேண்டும்; வீட்டுக்குள் வந்த கடல்நீரைவிட அதோடு கலந்து வந்ததுதான் பிள்ளைகளுக்கு நோய் கொடுக்கும். உப்புநீர் ஊறிய சுவரை நன்னீரால் கழுவி, முழுக்கக் காயவிட்டுப் பூசுங்கள். கிணற்றில் கடல்நீர் விழுந்திருந்தால் ஒருமுறை நிதானமாக இறைத்துச் சுத்தம் செய்து விடுங்கள். மோட்டார் போட்டு நாள்முழுக்க இறைக்காதீர்கள். கடலோரக் கிணற்றில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டுதான் இருக்கிறது, வேகமாக இழுத்தால் அடியிலிருப்பது மேலே வந்துவிடும். மழைக்காலம் வந்து போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும்.

தைக் கரை சுருங்கிக்கொண்டே வருகிறது என்றால் அந்த வீட்டில் பெரிய பணம் போடாதீர்கள். விற்கவும் அவசரப்பட வேண்டாம். பட்டா உங்கள் பெயரில் இருக்கட்டும், அம்மாவை மேட்டுப் பக்கம் நடக்கிற தூரத்தில் குடிவையுங்கள். தொலைவில் கொண்டுபோய் வைத்தால் அவர் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவார். கடலையும் மீன்சந்தையையும் கோயிலையும் விட்டு இருக்கச் சொல்வது அந்த வயதில் முடியாத காரியம்.

எதுவாக இருந்தாலும், இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மேட்டில் உள்ள ஒரு சொந்தக்காரர் வீட்டில் பேசி வையுங்கள்: எச்சரிக்கை வந்த ராத்திரி அம்மா அங்கே படுப்பார், கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், நேராக வரலாம் என்று. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, மாத்திரை எல்லாம் ஒரே பையில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பையன் யாராவது ஒருவன் போனில் இன்காய்ஸ் அறிவிப்பைப் பார்த்து, விநாடியையும் ஏற்ற நேரத்தையும் அம்மாவிடம் சொல்ல வேண்டும். அவனிடம் நீங்களே இன்று சாயங்காலம் பேசிவிடுங்கள்.